ஒரு படத்துக்கு எவ்வளவு?

சிறார் புத்தகங்களுக்குப் படம் வரையப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் யாரைச் சந்தித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: "ஒரு படத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?" புத்தகக் கண்காட்சிக் கூட்டத்தில் கேட்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள், கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும்போதே கேட்கிறீர்கள். காசைப் பற்றிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேள்வியை இப்படிக் கேட்கும்வரை உங்களுக்கு நியாயமான கூலி கிடைக்காது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்லவும், வேறு எப்படிக் கேட்பது என்று சொல்லவுமே இந்த மடல்.

சட்டை தைக்கக் கொடுத்தால் எந்தத் தையல்காரரும் பொத்தானுக்கு இவ்வளவு என்று கூலி சொல்வதில்லை. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் சேர்ந்ததுதான் சட்டைக் கூலி. படத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் ஓவியர் பொத்தானை மட்டும் எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு போகிறார். கதையைப் படித்தது, பாத்திரத்துக்கு முகம் தேடியது, பக்கம் பிரித்தது, திருத்தியது, அச்சுக்கு ஃபைல் தயார் செய்தது எல்லாம் இலவசக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அந்த வேலைகளைச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் அவற்றுக்கு விலை சொல்லவும் தெரியும். அதனால் கற்பதையும் விலை சொல்வதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நமக்கு முந்தைய தலைமுறைக்கு இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில், வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமனை வரைந்த சங்கர் அந்தப் பத்திரிகையிலேயே பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு ஆனந்த விகடனில் வளர்ந்தவர். பத்திரிகை அலுவலகத்தில் ஓவியருக்கென்று ஒரு மேசை இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. இன்று அந்த மேசைகள் அருகிவிட்டன. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை பேசி வாழ வேண்டியவர்கள். மூத்தவர்களிடமிருந்து கோடு வரையக் கற்றுக்கொண்டோம். விலை பேசும் கலையை அவர்களிடம் கற்க வழியில்லாமல் போயிற்று. அதை நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் கற்பது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. இடம் கிடைத்தால் படியுங்கள். உடலமைப்பும் வண்ணமும் ஒளி நிழலும் கைக்குள் வரும். கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். சான்றிதழைக் காட்டச் சொல்லும் பதிப்பாசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் கல்லூரியில் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றாகத் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சுவரில் மாட்ட வேண்டிய ஒற்றைப் படத்தை வரையத் தெரிந்த கைக்கு, பக்கம் புரட்டப் புரட்ட நகரும் கதையை வரையத் தெரிவதில்லை.

அதற்கு வழி, டம்மி செய்து பழகுவது. ஆறு ஏ4 தாள்களை எடுத்து நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். 24 பக்கப் புத்தகம் தயார். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் பதிப்பு விவரம் என்று போனால், மூன்றாம் பக்கத்தில் கதை தொடங்கும். மூன்று ஒற்றைப் பக்கம். அதன்பின் 4, 5 தொடங்கி 22, 23 வரை ஸ்ப்ரெட் என்று நாம் சொல்லும் இரட்டைப் பக்கங்கள் பத்து. கடைசியில் 24ஆம் பக்கம் மறுபடி ஒற்றை. இந்த இடங்களுக்குள்தான் உங்கள் கதை முழுவதும் அடங்க வேண்டும். ஏதாவது ஒரு நாட்டுப்புறக் கதையை எடுத்து இதில் பிரித்துப் பாருங்கள். குழந்தை வலப்பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துத் தாளைத் திருப்பும் அந்தக் கணத்தில்தான் "அப்புறம் என்ன?" என்ற ஆவல் இருக்க வேண்டும். 9ஆம் பக்கத்தில் புலியின் வால் மட்டும் தெரிந்தால் 10ஆம் பக்கத்தில் புலி முழுதாகப் பாயலாம். 9லேயே முழுப் புலியையும் காட்டிவிட்டால் தாளைத் திருப்ப வேலையில்லை.

டம்மியை நடுவில் பின் அடித்துப் பிரித்துப் பாருங்கள், இன்னொன்றும் தெரியும். 12, 13ஆம் பக்கங்கள் மட்டும்தான் ஒரே தாளில் ஒட்டி இருக்கின்றன. மற்ற இரட்டைப் பக்கங்களில் இடப்பாதி ஒரு தாளிலும் வலப்பாதி வேறொரு தாளிலும் அச்சாகின்றன. பைண்டிங்கில் ஒரு நூலிழை நகர்ந்தாலும் படம் பொருந்தாது. அதனால் முகத்தையோ மெல்லிய கோட்டையோ நடு மடிப்பின் மேல் வைக்காதீர்கள். தாளின் ஓரத்தை வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க, நான்கு பக்கமும் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து விடுங்கள். அச்சகத்தில் ஒரு நாள் போய் நின்று, பல பக்கங்கள் அச்சான பெரிய தாளாகிய பாரம் எப்படி மடிகிறது, பிளேட் எப்படி மாட்டுகிறார்கள், திரையில் பளிச்சென்று இருந்த பச்சை தாளில் எப்படி மங்குகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். எந்த வகுப்பும் அதற்கு ஈடாகாது.

அடுத்து, பார்த்து வரைவது. தமிழ்க் கதைக்கு வரும் மாதிரிப் படங்களில் சிம்னி வைத்த வீடுகளையும் சிவப்பு ஆப்பிள் மரங்களையும் இன்னும் பார்க்கிறேன். கதை நடப்பது தேனிப் பக்கத்து ஊரில். இணையத்தில் கிடைத்ததைப் பார்த்து வரைந்தால் இணையத்தில் இருக்கும் ஊர்தான் வரும். ஸ்கெட்ச் நோட்டோடு பேருந்து நிலையத்துக்குப் போங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறார், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தவர் உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறார், தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கிப் போகும் அப்பாவின் கை எங்கே இருக்கிறது என்று வரையுங்கள். குழந்தையின் உடலைத் தனியாகப் படியுங்கள். வளர்ந்தவரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை அளவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தரைத் தலை தேறலாம். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நான்கு. இந்தக் கணக்குத் தெரியாமல் வரைந்தால் குழந்தைக்குப் பதிலாகச் சின்ன உருவத்தில் ஒரு மாமா வந்து நிற்பார்.

கதையில் இருப்பதையே திரும்ப வரைவது புதியவர்களிடம் காணும் பழக்கம். "பாட்டி கோபமாக இருந்தாள்" என்று எழுத்து சொல்லிவிட்டது. அதற்குப் புருவம் நெரித்த பாட்டியை வரைந்தால் ஒரே சேதியை இருமுறை சொன்னதாகிறது. பாட்டியின் முதுகுக்குப் பின்னால் பேரனுக்காக மறைத்து வைத்த முறுக்குப் பொட்டலத்தை வரைந்தால், எழுத்து சொல்லாததைப் படம் சொல்கிறது. படிக்கத் தெரியாத குழந்தை, படித்துக் காட்டும் அம்மாவை முந்திக்கொண்டு கண்டுபிடிக்கிறது. எழுத்து விட்டுவைத்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் மூளை வேலை. கோடு போடுவதற்கு முன் இதற்கே இரண்டு மூன்று நாட்கள் போகும். அந்த நாட்களுக்கும் கூலி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பாத்திரத்தை நேராக, பக்கவாட்டில், பின்னால், ஓடும்போது, அழும்போது என்று வரைந்து வைக்கும் கேரக்டர் ஷீட் இல்லாமல் கதைக்குள் போகாதீர்கள். மூன்றாம் பக்கத்தில் ஆறு வயதாக இருந்த பிள்ளை 14ஆம் பக்கத்தில் ஒன்பது வயதுக்குப் போய்விடும். பாவாடையின் பூவும் ரிப்பனின் நிறமும் மாறினால் முதலில் கண்டுபிடிப்பது குழந்தைதான்.

நம் ஊருக்கே உரிய பாடம் ஒன்று உண்டு. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்தோடு தமிழ், இந்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, வங்காளம் என ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. இப்படிப் பல மொழியில் ஒரே புத்தகத்தை அச்சிடும்போது சயான், மெஜந்தா, மஞ்சள் பிளேட்டுகள் அப்படியே இருக்க, எழுத்து இருக்கும் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்க முடியும். அதற்கு ஓவியர் ஒத்துழைக்க வேண்டும். இருண்ட வானத்தில் வெள்ளை எழுத்து வருமாறு பக்கம் அமைத்தால் எல்லா பிளேட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். கடைப் பலகையில் "டீக்கடை" என்று படத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் வங்காளப் பதிப்பில் அது அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிவது தமிழில் மூன்று வரி பிடிக்கும், மலையாளத்திலும் அப்படியே. எழுத்துக்கு இடம் தாராளமாக விடுங்கள். எழுத்து வரும் இடத்தில் ஆலமரத்தின் இலையெல்லாம் வரைந்து வைத்துவிட்டுப் பின்னால் அழிக்கச் சொல்கிறார்களே என்று வருந்திப் பயனில்லை. இதைத் தெரிந்தவரைப் பதிப்பகம் மறுபடி கூப்பிடும். மறுபடி கூப்பிடப்படுபவரால்தான் விலையில் உறுதியாக நிற்க முடியும்.

மாதிரித் தொகுப்பு அனுப்பும்போது பத்துப் படம் போதும். அதில் ஒரே பாத்திரம் வரும் மூன்று தொடர் ஸ்ப்ரெட்டுகள் கட்டாயம் இருக்கட்டும். நடிகர்களின் பென்சில் ஸ்கெட்சையும் சாமி படத்தையும் எடுத்துவிடுங்கள். கை நன்றாக இருக்கிறது என்பதை அவை சொல்லும். புத்தகம் வரைவீர்களா என்பதைச் சொல்லாது.

இனி விலைக்கு வருவோம். கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறைக்கான எடுத்துக்காட்டுகள். உங்கள் வீட்டு எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய் என்று வைப்போம். பென் டேப்லெட் தேய்மானம், மென்பொருள், மின்சாரம், இணையம், தாள், வண்ணம் ஆகியவற்றுக்கு 5,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் சேமிப்புக்கும் 5,000. ஆக 40,000. மாதத்தில் 24 நாள் வேலை செய்தாலும் அத்தனை நாளும் வரைய மாட்டீர்கள். மின்னஞ்சல் எழுதுவது, புது வேலை தேடுவது, பதிப்பகத்துக்குப் போய் வருவது, பணத்துக்காக நினைவூட்டுவது என்று எட்டு நாள் கரைந்துவிடும். வரையும் நாள் 16. நாற்பதாயிரத்தைப் பதினாறால் வகுத்தால் நாளுக்கு 2,500 ரூபாய். இதை உங்கள் நாட்கூலி என்று எழுதி மேசைக்கு எதிரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இதை வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது அந்த 24 பக்கப் புத்தகத்தின் நாட்களை எண்ணுவோம். கதையை உள்வாங்கிப் பாத்திரங்களை உருவாக்க 3 நாள். ஸ்டோரிபோர்டும் டம்மியும் 2. பென்சில் ரஃப் 5. பத்து ஸ்ப்ரெட்டுகளுக்கு வண்ணம், ஒன்றரை நாள் வீதம் 15. ஒற்றைப் பக்கங்களுக்கு 2. அட்டைக்கு 2. திருத்தங்களுக்கு 3. அச்சுக்கு ஃபைல் முடிக்க 1. மொத்தம் 33 நாள். நாட்கூலியால் பெருக்கினால் 82,500 ரூபாய். மாதத்தில் வரையும் நாள் 16 என்றால், இந்தப் புத்தகம் உங்கள் வாழ்வில் இரண்டு மாதத்தை எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகை இரண்டு மாதச் செலவுக்குத்தான் சரியாக வரும். அதில் ஆடம்பரம் எதுவும் இல்லை.

"ஒரு படத்துக்கு 1,500" என்று சொல்லியிருந்தால்? பத்து ஸ்ப்ரெட், முதலும் கடைசியுமாகக் கதையின் இரண்டு ஒற்றைப் பக்கம், ஒரு அட்டை எனப் பதின்மூன்று படம், 19,500 ரூபாய். 33 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 590 ரூபாய். படத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்பது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

படக் கணக்கு எங்குமே கூடாது என்று சொல்லவில்லை. பாடநூல், பயிற்சி ஏடு, பத்திரிகைக் கதை போன்றவற்றில் தனித்தனிப் படங்கள்தான் கேட்கிறார்கள். அங்கே கால் பக்கம், அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று விலை வைப்பது வழக்கம்தான். ஆனால் அந்த விலையையும் நாட்கூலியிலிருந்துதான் பெற வேண்டும். கால் பக்கப் படம் அரை நாள் எடுத்தால் அதன் விலை அரை நாள் கூலி.

"எங்களிடம் 40,000தான் இருக்கிறது" என்று பதிப்பகம் சொல்லும். பல சமயம் அது உண்மை. ஆயிரம் பிரதி அச்சிட்டு, நூலக ஆணைக்காகவும் கண்காட்சி விற்பனைக்காகவும் காத்திருக்கும் சிறு பதிப்பாளர் ஒருவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். அதே சமயம் தலையை ஆட்டிவிட்டு 33 நாள் வேலையை 40,000த்துக்குச் செய்யவும் வேண்டாம். நாற்பதாயிரம் என்றால் 16 நாள். பதினாறு நாளில் எப்படிப்பட்ட புத்தகம் செய்யலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். நான்கு ஸ்ப்ரெட் மட்டும் முழு வண்ணம். மற்றவை வெள்ளைப் பின்னணியில் சிறு படங்கள். அல்லது கறுப்புக் கோட்டோடு ஒரே ஒரு வண்ணம். கோட்டிலேயே நிற்கும் நல்ல புத்தகங்கள் எத்தனையோ உண்டு. அதுவும் வேண்டாம், முழு வண்ணமே வேண்டும் என்றால் உரிமையைக் குறையுங்கள்: தமிழ்ப் பதிப்புக்கு மட்டும், மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று. வேலையைக் குறைக்கலாம், உரிமையைக் குறைக்கலாம். இரண்டையும் முழுதாகக் கொடுத்துவிட்டுத் தொகையை மட்டும் குறைப்பதுதான் கூடாது. பேரம் என்றால் இரண்டு கையும் அசைய வேண்டும்.

உரிமை என்றதும் "அதெல்லாம் வக்கீல் சமாச்சாரம்" என்று நழுவுகிறீர்கள். நழுவினால் நஷ்டம் உங்களுக்குத்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்வதைக் கேளுங்கள். ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டதன் பேரில் வரையப்பட்ட ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதாவது எதுவும் எழுதிக்கொள்ளாமல் வேலை செய்தால் "படம் என்னுடையது" என்று பின்னால் வாதாடும் இடம் குறுகிவிடுகிறது. முதல் உரிமை ஓவியருக்கே என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் நிலைமை தலைகீழாகிறது. பிறகு 19ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். உரிமை மாற்றத்தை எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகும். 57ஆம் பிரிவு இன்னும் ஒன்று தருகிறது: உரிமையை விற்ற பிறகும், இதை வரைந்தவர் நான் என்று கோரும் உரிமை உங்களிடமே இருக்கும், உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கவும் முடியும்.

அச்சுப் புத்தகம், மின்நூல், பிறமொழிப் பதிப்பு, அசைபடம், பொம்மை, டீ சர்ட், நாட்காட்டி இவை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. "அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். படங்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தரக் கூடாது என்ற வரியையும் இப்போது சேர்த்துக்கொள்வது நல்லது.

பொதுநலத்துக்காகத் திறந்த உரிமத்தில் வெளியிடும் முயற்சிகளும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் உள்ள கதைகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கலாம். படைத்தவர் பெயரைச் சொன்னால் போதும். புத்தகமே எட்டாத பிள்ளைகளுக்கு இதனால் கதை கிடைக்கிறது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அப்படிக் கொடுத்த படத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பதையும், ராயல்டி என்ற பேச்சே பின்னால் வராது என்பதையும் தெரிந்துகொண்டு, வரும் தொகை 33 நாளையும் ஈடுகட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ராயல்டியைப் பற்றி இரண்டு விதமான மயக்கம் இருக்கிறது. "ராயல்டி இருந்தால்தான் மரியாதை" என்று ஒருவர். "நமக்கு எங்கே வரப்போகிறது" என்று இன்னொருவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ரூபாய்ப் புத்தகத்தில் ஓவியருக்கு 5 சதவீதம் என்றால் பிரதிக்கு ஏழரை ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 7,500. ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணமாக 40,000 வாங்கியிருந்தால், 5,333 பிரதி விற்ற பிறகுதான் அடுத்த ரூபாய் வரத் தொடங்கும். ஆக, ஆயிரம் பிரதிப் பதிப்பகத்திடம் ராயல்டிக்காகக் கூலியை விட்டுக்கொடுப்பது வீண். பல மொழிகளில் வெளியிட்டு ஆண்டுதோறும் மறுஅச்சு போடும் பதிப்பகத்திடம் ராயல்டியை விட்டுக்கொடுப்பது அதைவிடப் பெரிய இழப்பு. சதவீதம் அட்டை விலையிலா, தள்ளுபடி போகக் கைக்கு வந்த தொகையிலா என்பதையும், நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாகப் போகும் பிரதிகளுக்கு எப்படி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் எழுதவும் பழகுங்கள். 'கஜபதி குலபதி' என்ற சிறார் புத்தகத்தை எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே: அசோக் ராஜகோபாலன். எழுத்தும் படமும் ஒரே கையில் இருந்தால் பங்கு பிரிக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் என்றதும் முத்திரைத்தாளை நினைத்து மிரளாதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். மேலே சொன்ன உரிமைகளோடு இவையும் அதில் இருக்கட்டும். பணம் மூன்று தவணை: கையெழுத்திடும்போது 30 சதவீதம், ரஃப் ஏற்றுக்கொண்டதும் 30, இறுதி ஃபைல் கொடுத்ததும் 40. "புத்தகம் வெளிவந்ததும்" என்று எழுதவே எழுதாதீர்கள். வெளிவருவது உங்கள் கையில் இல்லை. ரஃப்பில் இரண்டு சுற்றுத் திருத்தம், வண்ணத்தில் ஒரு சுற்றுச் சிறு திருத்தம் விலைக்குள் அடக்கம்; ரஃப்பில் சொல்லாததை வண்ணம் முடிந்தபின் சொன்னால் நாட்கூலி தனி. பாதியில் கைவிட்டால் அதுவரை முடிந்த வேலைக்கான தொகை உங்களுடையது. கையால் வரைந்த மூலப் படம் உங்களிடம் திரும்ப வேண்டும். அட்டையில் உங்கள் பெயர் வர வேண்டும். உங்களுக்கான இலவசப் பிரதிகள் எத்தனை என்பதும் இருக்கட்டும்.

அட்டையில் பெயர் என்பதைச் சிறு விஷயமாக எண்ணாதீர்கள். சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலுக்கு 2008இல் இத்தாலியின் போலோன்யா சிறார் புத்தகக் கண்காட்சியில் நியூ ஹொரைசன்ஸ் விருது கிடைத்தது. அந்த நூலின் ஆசிரியர்களாக நிற்பவை அதை வரைந்த கோண்டு ஓவியர்களின் பெயர்கள்: பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. இவர்களில் பஜ்ஜு ஷ்யாமும் துர்கா பாயும் பின்னர் பத்மஸ்ரீ பெற்றார்கள். படம் வரைந்தவர் பெயரை உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் பழக்கம் இங்கே இன்னும் முற்றிலும் போகவில்லை. பெயர் தெரிந்தால்தான் அடுத்த பதிப்பாளர் உங்களைத் தேடி வருவார். ஆகவே அதுவும் கூலியின் ஒரு பகுதிதான்.

பணம் வரத் தாமதமானால் கெஞ்சுவதற்கு முன் சட்டம் என்ன தருகிறது என்று பாருங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இலவசம். தனியாளாகத் தொழில் செய்யும் ஓவியரும் பதியலாம். பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் கூட்டு வட்டி சேரும். இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை. விலைப்பட்டியலின் கீழே உத்யம் எண்ணையும் "45 நாள்" என்பதையும் அச்சிட்டு அனுப்பினாலே பலருக்கு நினைவு வந்துவிடும். பான் எண்ணையும் கொடுங்கள். வரிப் பிடித்தம் என்று பத்து சதவீதம் குறைத்துத் தந்தால் பதறாதீர்கள். அது உங்கள் பெயரில் அரசிடம் இருக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் திரும்பப் பெறலாம்.

பதிப்பகங்களுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்புகளில்தான் அதிக கவனம் தேவை. தன் பிள்ளைக்காகக் கதை எழுதிச் சொந்தமாக அச்சிட விரும்பும் பெற்றோர் இன்று நிறைய. "சின்னக் கதைதான், பத்துப் படம், பிறந்தநாளுக்குள் வேண்டும்" என்பார்கள். நல்ல மனிதர்கள், புத்தகம் எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்கள். அவர்களிடம் கோபப்படாமல் அந்த 33 நாள் பட்டியலைக் காட்டுங்கள். பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேர் சரியான வாடிக்கையாளர்கள். "இதைச் செய்தால் உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்று சொல்பவருக்கும், "பிடித்திருந்தால் பார்க்கலாம், முதலில் இரண்டு பக்கம் முடித்துக் காட்டுங்கள்" என்பவருக்கும் ஒரே பதில்: மாதிரித் தொகுப்பு இலவசம், புது வேலைக்குக் கூலி உண்டு.

கடைசியாக, உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். நம் தொழிலில் ரேட்டை ரகசியமாக வைக்கும் வழக்கம் இருக்கிறது. யார் எவ்வளவு வாங்குகிறார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. அதனால் பதிப்பகம் சொல்வதுதான் விலை என்றாகிறது. ஒருவர் 80,000 கேட்டு வாங்கும் வேலையை அடுத்த தெருவில் இருப்பவர் 15,000த்துக்குச் செய்கிறார். இருவருக்கும் அது தெரியாது. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். வாங்கிய தொகை, எடுத்த நாள், கொடுத்த உரிமை மூன்றையும் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். ஒப்பந்தக் கடிதங்களைப் பரிமாறிப் படியுங்கள். புதிதாக வருபவர் கேட்டால் மழுப்பாமல் எண்ணைச் சொல்லுங்கள். ஒரு மொழியின் பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் தொடர்ந்து கிடைக்க வேண்டுமென்றால், அதை வரைபவர்கள் மூன்றாவது ஆண்டில் தொழிலை விட்டு விளம்பர வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அதற்கு உங்கள் கூலியை நீங்கள் சரியாகக் கேட்டாக வேண்டும்.

அன்புடன்,
உங்களுக்குச் சற்று முன்னால் இந்தத் தொழிலுக்கு வந்த ஓர் ஓவியர்,
சென்னை.